தண்ணீர் டிரம்மில் வந்த இஞ்சின்

அந்தப் படகு இஞ்சினைக் கெடுத்தவன் நான். வெள்ளம் இல்லை, லூர்துசாமியும் இல்லை... நான்தான்! பழியைச் சுமந்துகொண்டு திரிகிறவர் மட்டும் லூர்துசாமி.

இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. முகம் தெரியாத உங்களிடம் சொல்வது சுலபமாக இருக்கிறது. நீங்கள் நாளைக்கு என் பட்டறைக்கு வந்து ஸ்டூலைப் போட்டு உட்காரப் போவதில்லை அல்லவா?

திண்டிவனத்தில் மயிலம் ரோட்டில் இருக்கிறது என் பட்டறை. கிணற்று மோட்டாரும் டீசல் இஞ்சினும் பழுது பார்க்கிறேன். ஓமந்தூரிலிருந்து முகையூர் வரை எந்தக் கொல்லையில் மோட்டார் நின்றாலும் என்னைத்தான் தேடுவார்கள். அதனால் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்ன... நிறையவே!

மூன்று வருடத்துக்கு முன் புயல் மழையில் ஊரெல்லாம் வெள்ளக்காடானது. தண்ணீர் வடிந்ததும் என் வாசலில் முழுகிய மோட்டார்கள் வரிசை கட்டின. எல்லாவற்றையும் கழற்றி வெயிலில் காயப் போட்டிருந்தேன். கரண்ட் மோட்டாருக்கு அதுதான் முதல் வைத்தியம். காய்ந்தால்தான் பிழைக்கும்.

அப்போதுதான் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. பின்னால் நீல நிற பிளாஸ்டிக் டிரம். அதன் விளிம்பு வரைக்கும் நல்ல தண்ணீர். தண்ணீருக்குள் ஒரு டீசல் இஞ்சின் முழுசாக முழுகிக் கிடந்தது!

கொண்டு வந்தவர்கள் இரண்டு பேர். மரக்காணத்துக்கு அந்தப் பக்கம் ஒரு குப்பத்தில் மீன் பிடிக்கிறவர்கள். பெரியவர் லூர்துசாமி. கூட வந்தவன் அவர் மனைவி ஸ்டெல்லாவின் தம்பி அந்தோணி. இரண்டு பேருக்கும் அந்தப் படகில் பாதிப் பாதி. கழிமுகத்தில் கட்டியிருந்த படகு கவிழ்ந்து, இஞ்சின் இரண்டு நாள் உப்புச் சேற்றில் கிடந்திருக்கிறது. வெளியே எடுத்த கையோடு லூர்துசாமி அதை நல்ல தண்ணீரில் போட்டுவிட்டார். துடைத்து வெயிலில் வைக்கலாம் என்று அந்தோணி மல்லுக்கு நின்றிருக்கிறான். வழி நெடுக இதே சண்டை.

நான் டிரம்மைப் பார்த்துச் சிரித்தேன். முழுகினதை மறுபடி முழுக வைத்து எடுத்து வருகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றேன். பக்கத்து டீக்கடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். லூர்துசாமி அதற்குக் கோபப்படவில்லை. இதைப் பிரிக்கிற வரைக்கும் வெளியே எடுக்காதீர்கள் என்று மட்டும் இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர்கள் ஆட்டோ ரோட்டு முனை திரும்பியதுமே இஞ்சினை வெளியே எடுத்தேன். துடைத்தேன். மோட்டார்களோடு மோட்டாராக வெயிலில் வைத்தேன். மைத்துனர் பிள்ளைக்குக் காது குத்தல் என்று மயிலம் போய்விட்டேன். திரும்பி வர ஒன்றரை நாள் ஆனது.

வந்து ஹேண்டிலைப் போட்டுச் சுற்றிப் பார்த்தேன். அசையவில்லை. மேல் மூடியான ஹெட்டைக் கழற்றினால் உள்ளே செக்கச் செவேல் என்று துரு. பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டி ஜாம் ஆகியிருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தண்ணீருக்குள் இருக்கிற வரைக்கும் இரும்பு தாக்குப் பிடிக்கும். வெளியே எடுத்துக் காற்றுப் பட்டால் உப்பு தன் வேலையைக் காட்டிவிடும். எடுத்த நிமிஷமே பிரித்து டீசலில் கழுவியிருக்க வேண்டும். கடல்காரர் அதைத்தான் சொல்லியிருக்கிறார். கிணற்று மோட்டார்க்காரனுக்குப் புரியவில்லை!

சரி, தவறு யாருக்கும் வரும். அன்று சாயங்காலம் அவர்கள் வந்து நின்றபோது உள்ளதைச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே கிடையாது. சொல்லத்தான் வாய் திறந்தேன்... சத்தியமாகத் திறந்தேன்! அதற்குள் துருவைப் பார்த்துவிட்டு அந்தோணி முந்திக்கொண்டான்.

"தண்ணியில ஊற வச்சிக்கினு வந்தாரே, அதுனாலதான மேஸ்திரி?"

டீக்கடை பெஞ்சில் அன்றைக்குச் சிரித்த அதே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் சொன்னேன்:

"ஆமா."

ஒரே ஒரு சொல். அவ்வளவுதான் என் குற்றம். சின்னதாக இருக்கிறது, இல்லையா?

லூர்துசாமி என் முகத்தைப் பார்த்தார். பிறகு, அவ்வளவு பெரிய மேஸ்திரி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவரே தலையை ஆட்டிக்கொண்டார்.  அவர் என்னோடு சண்டை போட்டிருக்கலாம்!

அந்தோணி அன்றோடு படகை விட்டு விலகினான். புதுச்சேரிப் பக்கம் வேறொருவர் போட்டில் ஏறிவிட்டான். மாமன் பிடிவாதத்தால் தொழில் போனது என்று குப்பம் முழுக்கச் சொன்னான். அக்காள் வீட்டு வாசற்படி மிதிப்பதை நிறுத்தினான். ஒரே இலையில் கைவைத்துச் சாப்பிட்டு வளர்ந்த அக்காளும் தம்பியும் இப்போது மாதா கோயில் தேர்த் திருவிழாவில் ஆளுக்கொரு வரிசையில் நிற்கிறார்கள்.

நான் சும்மா இருக்கவில்லை. அந்த இஞ்சினுக்கு ஒரு மாதம் உழைத்தேன். பிஸ்டனை டீசலில் ஊறவிட்டு, கட்டை வைத்துத் தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டினேன். சிலிண்டரைத் தேய்த்துச் சீராக்கி, ரிங்கும் பேரிங்கும் மாற்றி, டீசல் பம்பின் ஒவ்வொரு ஊசித் துளையையும் சுத்தம் செய்தேன். என் வாழ்நாளில் அப்படி வேலை செய்ததில்லை. குற்றவாளியின் கைக்கு இவ்வளவு பொறுமை வருமா என்று எனக்கே ஆச்சரியம்.

முதல் சுற்றிலேயே பிடித்தது! புகை போக்கியிலிருந்து கறுப்புப் புகை கக்கி, பிறகு தெளிந்து, தடதடவென்று ஓடியது. லூர்துசாமி இஞ்சின் மேல் எண்ணெயால் சிலுவை போட்டுவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். அந்தச் சந்தோஷம் பொய் இல்லை. அதை நீங்கள் நம்ப வேண்டும்.

அதன்பிறகு கடலோரம் முழுக்க எனக்குப் பெயர். போட் இஞ்சின் என்றால் திண்டிவனத்து மேஸ்திரி! ஸ்டெல்லா வாரம் தவறாமல் பஸ்ஸில் மீன் கொடுத்து அனுப்புகிறாள். என் பெண் விழுப்புரத்தில் காலேஜ் படிக்கிறாள். வேலை இருக்கிறது, உடம்பு நன்றாக இருக்கிறது, படுத்தால் தூக்கம் வருகிறது. நிம்மதியாக இருக்கிறேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது... ஆனால் இருக்கிறேன்!

இந்த வருட மழையில் மறுபடியும் படகுகள் முழுகின. லூர்துசாமி போன் செய்தார். இஞ்சினை எடுத்துவிட்டாராம், நான் அன்றைக்குச் சொன்னதை வைத்து, இந்தத் தடவை தண்ணீரில் போடாமல் துடைத்து மொட்டை மாடி வெயிலில் வைக்கப் போகிறாராம். எனக்குத் தூக்கி வாரிப் போட்டது.

"வெயில்ல வைக்காதீங்கண்ணா. ஜல்தியா நல்ல தண்ணியில போடுங்க, நான் வர்றேன்."

 அன்றைக்கு அது தப்பு என்றீர்களே என்று அவர் மெதுவாகக் கேட்டார். இப்போது புதிதாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்றேன். அவர் சொன்னதையே அவருக்குப் புதிதாகக் கற்றுக் கொடுத்தேன்! காலம் எவ்வளவு முன்னேறிவிட்டது என்று அவர் சந்தோஷப்பட்டார்.

அந்த இஞ்சின் ஒரே நாளில் பிழைத்தது. 'மேஸ்திரியின் புது முறை' கடலோரம் முழுக்கப் பரவியது.

மூன்றாம் நாள் என் வாசலில் ஒரு லோடு ஆட்டோ. பின்னால் டிரம். டிரம்முக்குள் தண்ணீரில் முழுகிய இஞ்சின். இறங்கியவன் அந்தோணி.

அவன் முதலில் டிரம்மைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். மூன்று வருடத்தில் நெற்றியோரம் நரைத்திருந்தது.

"மேஸ்திரி... எங்க மாமா அன்னிக்கு இதத்தான செஞ்சிக்கினு வந்தாரு?"

அவன் குரலில் சண்டை இல்லை. ஆமாம் என்று நான் சொல்வதற்காகவே அவன் காத்திருந்தான். சொல்லியிருந்தால் அங்கிருந்து நேராக அக்காள் வீட்டுக்குப் போயிருப்பான். அது எனக்கு அப்போதே தெரிந்தது. அந்தோணி என்னைத் திட்டிவிட்டுப் போயிருப்பான், பெஞ்சில் இருந்தவர்கள் ஒரு வாரம் சிரித்திருப்பார்கள். வேறென்ன?

மூன்று வருடத்துக்கு முன் சொல்லக் கூடாத இடத்தில் அவ்வளவு சுலபமாக வந்த சொல் அது!

ஸ்பேனரைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"அது வேற, இது வேற," என்றேன்.

அவன் தலையாட்டினான்.  அவன் இஞ்சினையும் அன்றே பிரித்துக் கழுவி ஓட வைத்தேன். நன்றாகத்தான் ஓடியது. நன்றி சொல்லிவிட்டுப் புதுச்சேரி ரோட்டில் திரும்பினான்.

மறுநாள் மதியம் பஸ்ஸில் ஸ்டெல்லாவின் தூக்கு வந்தது. வழக்கத்தைவிடக் கனம். இஞ்சின் பிழைத்த சந்தோஷத்தில் வஞ்சிரம் வறுத்துக் கொடுத்திருந்தாள்.

சாப்பிட்டேன். உங்களிடமாவது உண்மையைச் சொல்லிவிடுகிறேன்... ருசியாகத்தான் இருந்தது.