சாவி என்னிடம் இருந்த மத்தியானம்

எழுதும் அளவுக்கு நான் படித்தவள் இல்லை. பள்ளியில் படிவம் மூன்றோடு நின்றவள். நாலு பேர் முன்னால் பேசவே கூசுவேன். துணிந்து எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலேசியாவில் ரந்தாவ் டவுனுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் கிளினிக்கில் எனக்குக் கூட்டித் துடைக்கும் உதவியாள் வேலை. கட்டுப் போட்டு வைத்தியம் பார்க்கும் எங்கள் டிரெசர் வலி தணிக்கும் ஊசிக்கு அடிமையாகி, சிகிச்சை எடுத்துத் திரும்பியவர். அந்த மருந்தைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் அவரை மறுபடி வேலைக்கு விட்டார்கள். தொட்டால் வேலை போய்விடும். மருந்து அலமாரிச் சாவி என்னிடம். மேற்பார்வை டாக்டர் வந்தால்தான் திறப்பேன். டிரெசர் எப்படி இருக்கிறார் என்று டாக்டரிடம் சொல்வதும் நான்தான். தோட்டத்தில் வேறு யாருக்கும் இது தெரியாது.

அன்று டிராக்டர் கவிழ்ந்து கால் நசுங்கிய ஒருவனைத் தூக்கி வந்தார்கள். கூட வந்தவர் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர், அவனுடைய அண்ணன். டிரெசர் ரத்தத்தை நிறுத்தி, காலுக்குக் கட்டை வைத்துக் கட்டினார். ஆம்புலன்சுக்கும் டாக்டருக்கும் போன் போட்டாயிற்று. ஆனால் எங்கள் ஆட்களுக்கு ஊசி போட்டால்தான் வைத்தியம்.

“என்னா டிரெசர், கட்டிக்கிட்டே இருக்கீங்க? ஒரு ஊசி போடுங்க லா. கத்துறான் பாருங்க.”

“டாக்டர் வந்துருவாரு.”

“முன்னல்லாம் டாக்டர் வந்தா போட்டீங்க?” மண்டோர் என் பக்கம் திரும்பினார். “கூட்டுற கையில சாவி, ஊசி போடுற கையில ஒன்னும் இல்ல. நல்லா இருக்கு லா.”

டிரெசர் என் முன்னால் வந்து கையை நீட்டினார்.

“குடுங்கக்கா.”

அவனுக்காகக் கேட்டாரா, தனக்காகவா? அவருக்கே தெரிந்திருக்காது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். சாவியை இறுக்கிப் பிடித்தபடி, மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினேன். மண்டோரின் தம்பி மறுபடி அலறினான்.

டிரெசர் கையை மடக்கிக்கொண்டார். “நான் அத தொடக்கூடாதுண்ணே,” என்றார் மண்டோரிடம். “எனக்கு நானே போட்டுக்கிட்டு கெட்டவன். அதான் சாவி அக்காகிட்ட.”

வாசலில் நின்றவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள்.

டாக்டர் வந்ததும் அலமாரியைத் திறந்தேன். ஊசி போட்டு ஆம்புலன்சில் ஏற்றிய பிறகு, நடந்ததை அவரிடம் சொன்னேன், கை நீட்டியதையும் சேர்த்து. “தொடல இல்ல? வேலையில இருக்கட்டும்,” என்றார்.

மறுநாள் டிரெசர் வழக்கம்போல் கிளினிக்கைத் திறந்தார். கட்டு மாற்ற வேண்டியவர்கள் அவரிடம் வராமல் ரந்தாவ் டவுனுக்குப் போய்விட்டார்கள். மண்டோர் மட்டும் வந்து அவரிடம் பிரஷர் பார்த்துக்கொண்டு போனார்.