தூங்கிப் பார்த்த படங்கள்

முடிதிருத்தும் கடையில் அவருக்கு ‘விமர்சகர்’ என்று பெயர். கத்தரி ஒரு பக்கம் ஓட, வாய் ஒரு பக்கம் ஓடும். எந்தப் படம் இடைவேளைக்குப் பின் நொண்டுகிறது, எந்த நடிகர் மூக்கால் மட்டும் அழுகிறார் என்றெல்லாம் அவர் அடித்துச் சொல்லும்போது நாற்காலியில் இருப்பவர் மறுத்துப் பேசமாட்டார். கத்தி காதருகே இருக்கும்.

ஒரே ஒரு குறை, அவர் எந்தப் படத்தையும் முழுதாகப் பார்த்ததில்லை. மதியம் கடையை அடைத்துவிட்டு வந்து, சாப்பிட்டு, மனைவியோடு டிவி முன் உட்காருவார். பெயர் ஓடி முடிவதற்குள் குறட்டை. எழுந்ததும், “கடைசில என்னாச்சு?” என்பார். அவள் திட்டிக்கொண்டே கதையைச் சொல்வாள். அந்தத் திட்டையும் சேர்த்து மாலையில் கடையில் விற்பார். மூக்கால் அழுவதுகூட அவள் கண்டுபிடிப்புதான்.

பக்கவாதம் அவள் வலக்கையையும் பேச்சையும் கொண்டுபோனது. சொல்வது புரிந்தது, பதில் வரவில்லை. பேச்சுப் பயிற்சி தர வரும் பெண் பட அட்டைகளைக் காட்டிக் காட்டி அலுத்து, “அவங்களுக்கே பேசணும்னு தோணணும் சார். எந்த விஷயத்துல வாய் சும்மா இருக்காதோ, அதைப் பேசுங்க” என்றாள்.

அது அவருக்குத் தெரியாதா? படத்தைப் பற்றித் தப்பாக ஏதாவது சொன்னால் போதும். ஆனால் தப்பாகச் சொல்வதற்கும் படத்தைச் சரியாகப் பார்க்க வேண்டியிருந்தது. வாழ்க்கையில் முதன்முறையாகக் கண்விழித்துப் பார்த்தார். கொலைகாரனை உத்தமன் என்றார். பெண்டாட்டியை அடித்தவன் கடைசியில் மன்னிக்கப்படும் படத்தை, குடும்பம் என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று புகழ்ந்தார். பழைய நாளாக இருந்தால் ஒரு வாரம் குழம்பில் உப்பு இருந்திருக்காது. இப்போது அவள் பார்வை அவரைத் தாண்டிச் சுவரில் நின்றது.

கடையிலும் சரக்கு தீர்ந்தது. புதுப் படம் எப்படி என்று கேட்ட வாடிக்கைக்காரரிடம், “ஒளிப்பதிவு நல்லா இருக்கு” என்றார்.

“உடம்பு சரியில்லையாண்ணே?” என்றார் வாடிக்கைக்காரர்.

நாளாக நாளாகப் பேச்சு திரும்பும் நம்பிக்கை குறையும் என்பதைப் பயிற்சிப் பெண் ஒருநாள் வாசலில் செருப்பை மாட்டியபடி, அவர் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று மதியம் கைக்கு வந்த ஏதோ ஒரு படத்தைப் போட்டார். பாதியில் அவள் தூங்கிவிட்டாள். அவர் திரையைப் பார்க்கவில்லை. கோணிப்போன அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வாய் கொஞ்சம் மூடியிருந்தால் போதும் என்று எத்தனை முறை கும்பிட்டிருப்பார்! கேட்ட வரத்தைக் கடவுள் இவ்வளவு தாமதமாகவா கொடுப்பார், அதுவும் இவ்வளவு கச்சிதமாக?

படம் முடிந்து பெயர்கள் ஓடின. அவள் கண்விழித்தாள். திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். வாய் எதையோ மென்றது.

“கடை... கடைசில?”

எதையாவது அளந்துவிடலாம்; இத்தனை வருஷம் அதைத்தானே செய்தார். இன்று நாக்கு புரளவில்லை.

“தெரியலம்மா. நான் பாக்கல.”

அவள் புருவம் நெரிந்தது. இடக்கையால் ரிமோட்டை அவர் பக்கம் தள்ளினாள்.

முதலிலிருந்து போட்டார். கடை திறக்கும் நேரம் தாண்டியது. போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி கேட்பாளோ மாட்டாளோ, பதிலாவது கைவசம் இருக்கட்டும் என்று, முகத்தில் தண்ணீரை அறைந்துகொண்டு வந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்.