கரையோரத்து ஒற்றை அன்னம்

அந்தக் கணக்கு டீச்சரைத் திருவாரூர் பஸ்ஸில் அடிக்கடி பார்ப்பேன். ஒல்லியானவர், எண்ணெய் வழிய வாரிய தலை. பக்கத்தில் உட்காருகிறவர்களின் முகத்தைப் பார்க்குமுன் சேலைக் கரையைத்தான் பார்ப்பார். ஒருநாள் கைப்பையிலிருந்து சின்னக் கண்ணாடியை எடுத்து, என் சேலைக் கரையிலிருந்த அன்னத்துக்கு எதிரே நிறுத்தினார். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

"பாருங்க நர்ஸம்மா, ஒத்தை அன்னம் ஜோடியாயிடுச்சா? இதுவும் கணக்குதாங்க. இதுக்குப் போயி எல்லாரும் பயப்படுறாங்க."

ஞாயிற்றுக்கிழமைகளில் நடவுப் பெண்களைக் கூட்டிவைத்து, அவர்கள் சேலைகளிலேயே இதைச் சொல்லிக்கொடுப்பார்.

ஆட்சி மாறியும் கூலிச் சண்டை ஓயாத காலம் அது. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதற்காக பண்ணையாரின் ஆட்கள் அந்தப் பெண்களின் குடிசைகளைக் கொளுத்திவிட்டார்கள். மறுநாள் நான் மருந்துப் பெட்டியோடு போனேன். டீச்சர் அரிசியோடு வந்திருந்தார். தீயில் புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தி, கருகிப்போன தன் கல்யாணச் சேலையை எடுத்துவந்தாள். கரையில் ஓர் அன்னம் மட்டும் தப்பியிருந்தது.

"எரிஞ்ச பக்கத்துல ஒங்க கண்ணாடிய வைங்க டீச்சர்."

வைத்தார். ஜோடி வந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். டீச்சரின் கை லேசாக அசைந்ததும் பதறிவிட்டாள்.

"எடுத்துடாதீங்க டீச்சர். கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

எத்தனையோ பேருக்குக் கணக்குப் பயத்தைப் போக்கியவர் அவர். எனக்கு நினைவிருப்பதோ, கடைசி பஸ் ஹாரன் அடித்தும் எழுந்திருக்காமல், சாம்பலில் மண்டியிட்டு, அந்தக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருந்த டீச்சரைத்தான்.