தக்கூஹியின் கொக்கி

ஒலிவ மலை உச்சியில் ஈசா நபி வானேறிய இடத்தைக் காப்பது பத்ரிய்யாவின் குடும்பம். சூஃபிக் குடும்பம்; இடமும் பள்ளிவாசல்தான். ஆனால் வருடத்தில் ஒரு வியாழக்கிழமை, இயேசு விண்ணேறிய திருநாளில், முற்றம் முழுக்கக் கிறிஸ்தவர்கள் வந்து இறங்குவார்கள். சுல்தான் ஆட்சியில் அது வழக்கம். கூடாரம் கட்டச் சுவரில் இரும்புக் கொக்கிகள் உண்டு. கிரேக்கருடைய கொக்கியில் அர்மீனியர் கயிறு பட்டாலே போதும், ஒருவர் தாடியை ஒருவர் பிடித்துக்கொள்வார்கள். விலக்கிவிட்டு விலக்கிவிட்டே பத்ரிய்யாவுக்கு நாக்கு நீண்டுவிட்டது.

மேற்கு மூலைக் கொக்கி தக்கூஹியுடையது. தாயில்லாத அந்த அர்மீனியக் குழந்தைக்குப் பத்ரிய்யாவின் அம்மாதான் பால் கொடுத்து வளர்த்தாள். ஒரே பால் குடித்தவர்கள் இஸ்லாத்தில் கூடப்பிறந்தவர்கள். காலையில் கிறிஸ்தவர்கள் பூசை, மாலையில் சூஃபி தர்வேஷ்கள் இறைவன் பெயரை ஓதும் திக்ரு. நடுவே அந்தக் கூடாரத்து நிழலில் அக்காளும் தங்கையும் பாதாம் கொறித்து ஊர்க்கதை பேசுவார்கள். சில வருடங்களாகத் தக்கூஹி வரவில்லை.

இந்த முறையும் விடிந்ததிலிருந்து பத்ரிய்யா வாசலைவிட்டு நகரவில்லை. அர்மீனியர் எல்லாரும் வந்தாகிவிட்டது. மூலை மட்டும் காலி. கிரேக்க யோர்கி கயிற்றோடு வந்தான்.

"சும்மாத்தானே கெடக்கு. நான் கட்டிக்கிறேன் தாயி."

"கைய எடு. அதுக்கு ஆளிருக்கு."

"போன வருஷமும் இதத்தான் சொன்னீங்க."

"அடுத்த வருஷமும் சொல்லுவேன். போய் உன் கொக்கியப் பாரு."

கேட்டுக்கொண்டிருந்த அர்மீனியக் கிழவி சிர்வார்த்துக்கு மனசு பொறுக்கவில்லை.

"தக்கூஹிக்காகக் காத்திருக்காதே மகளே. அவ கன்னியர் மடத்துல சேர்ந்துட்டா."

"எந்த ஊர் மடம்?"

"இந்த ஊர்தான். அதோ."

பள்ளத்தாக்குக்கு அப்பால், எருசலேம் மதிலுக்குள் ஒரு மொட்டைமாடி தெரிந்தது. பத்ரிய்யாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கூப்பிடு தூரத்துல இருந்துக்கிட்டா? இன்னிக்கு ஒரு நாள் வெளிய விட மாட்டாங்களாமா?"

"மடத்துப் பெரியம்மா போயிட்டு வான்னுதான் சொன்னாங்க. இவதான் மாட்டேன்னுட்டா. அக்காவப் பாத்துட்டா மடத்துக்குத் திரும்பிவர மனசு வராதாம். நான் அங்க பாத்துட்டுத்தான் வர்றேன், காலைலேருந்து மாடியில நின்னு இந்த மலையவே பாத்துக்கிட்டிருக்கா."

இத்தனை வருடம் வாசலைப் பார்த்தே ஏங்கியவளுக்கு, அந்தப் பக்கமும் ஒருத்தி ஏங்கிக்கொண்டிருப்பது தோன்றவே இல்லை. தாங்க முடியாமல் முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு வீட்டுக்குள் போய்ப் பெரிய வெள்ளை விரிப்பை எடுத்துவந்தாள். மேற்கு மூலைக் கொக்கியில் ஒரு முனையைக் கட்டி, மறுமுனையை நீளக் கம்பில் முற்றத்து மதிலுக்கு மேலே உயர்த்தி நிறுத்தினாள். அவள் மதில்மேல் ஏறி, நகரத்தைப் பார்த்து உட்கார்ந்தாள். உச்சி வெயில்.

"தலை வெடிச்சிடும்டி," என்றாள் சிர்வார்த். "நிழல்தான் போட்டிருக்கியே, இறங்கி வந்து உள்ள உக்காரு."

"உள்ள உக்காந்தா அவளுக்கு எப்படித் தெரிவேன்?"

திக்ருக்குக் கூப்பிடும்வரை அவள் அங்கேயே இருந்தாள்.