மகள் சொன்ன பொரித்த ஐஸ்கிரீம்

நான் கீரமங்கலம் பக்கம் ஒரு டீக்கடையில் பலகாரம் போடுகிறவன். எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. வடை, பஜ்ஜி, போண்டா என்று எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றே பாதி வயசு போயிருக்கிறது. அப்படிப்பட்ட எனக்கும் எண்ணெயைப் பார்த்துப் பயந்த நாள் ஒன்று உண்டு. பிள்ளைகளே, அதைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

என் மகள் அப்போது ஆறாவது படித்தாள். ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தவள், பையைக்கூட இறக்காமல் நின்றாள்.

"அப்பா, ஐஸ்கிரீம எண்ணெயில போட்டுப் பொரிக்க முடியுமா?"

"கிறுக்குப் புள்ள. உருகிப் போயிராதா?"

அவள் முகம் சுண்டிப்போனது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வந்தது. அவள் வகுப்பில் ஒரு பிள்ளை, "ஒங்கப்பாவுக்கு பஜ்ஜிய விட்டா என்னடி தெரியும்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறாள். இவள் எப்போதோ போனில் பார்த்ததை வைத்துக்கொண்டு, "எங்கப்பா ஐஸ்கிரீமையே பொரிப்பாரு. அடிக்கடி செய்வாரு" என்று சொல்லிவிட்டாள்.

"அவ நம்பலப்பா. ஞாயித்துக்கெழம ஆளுங்களக் கூட்டிக்கிட்டு வாரேன், பொரிச்சுக் காட்டலேன்னா நீ புளுகுணின்னு கிளாஸ் பூராவும் சொல்லுவேன்னுட்டா."

பொய் சொன்னதற்குத் திட்டத்தான் வாயெடுத்தேன். எனக்காகச் சொன்ன பொய் அது. திட்ட வரவில்லை.

அவள் போனில் அந்த வீடியோவைக் காட்டினாள். ஐஸ்கிரீமை உருண்டை பிடித்து, கல்லு மாதிரி இறுக வைத்து, முட்டையில் முக்கி, தூளில் புரட்டி, கொதிக்கிற எண்ணெயில் போட்டு உடனே எடுக்கிறார்கள். பார்க்க லேசாகத்தான் இருந்தது. அது புரட்டாசி மாதம். வருகிற பிள்ளைகள் வீட்டில் முட்டை ஆகாது. முட்டைக்குப் பதில் மைதாவைக் கரைத்துக்கொள்ளலாம், தூளுக்குக் கடை ரஸ்க்கை நுணுக்கிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். சனிக்கிழமை பெரிய டப்பா வெனிலா ஐஸ்கிரீம் வாங்கி, உருண்டை பிடித்து, எங்கள் சின்ன ஃபிரிட்ஜின் மேல் அறையில் அடுக்கினோம். ஆறு உருண்டை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மின்விசிறி திடீரென்று தள்ளாடிச் சுற்ற ஆரம்பித்தது. எங்கள் வீட்டைச் சுற்றிப் பூந்தோட்டமும் தென்னந்தோப்பும். மும்முனை மின்சாரம் விட்டால் தண்ணீர் பாய்ச்சுகிற எல்லா மோட்டாரும் ஒன்றாக ஓடும், வீட்டுக்குள் வோல்டேஜ் இறங்கிப்போகும். ஃபிரிட்ஜ் ஒரு தடவை உறுமிவிட்டு அடங்கியது.

"ஏங்க, உருண்டை எளகிப் போயிரப் போகுது" என்றாள் என் மனைவி.

மகள் ஓடிப்போய் ஃபிரிட்ஜ் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள். "யாரும் தொறக்கக் கூடாது."

அந்த நேரம் பார்த்து மூன்று பிள்ளைகள் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். முன்னால் வந்தவள்தான் சவால் விட்ட பிள்ளை என்று பார்த்ததும் தெரிந்தது. "மாமா, பொரிச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டே அடுப்படியை எட்டிப் பார்த்தாள்.

"வாங்கத்தா. உங்க கண்ணு முன்னாலதான் பொரிக்கணும். அங்கிட்டு நில்லுங்க, எண்ணெய் தெறிக்கும்."

எண்ணெய் காய்ந்தது. ஒரு உருண்டையை மட்டும் எடுத்து மாவில் முக்கி, ரஸ்க் தூளில் புரட்டிச் சட்டியில் விட்டேன். அது பூரி மாதிரி உப்பியது. எனக்குச் சந்தோஷம். அடுத்த நொடி உருண்டையின் ஒரு பக்கம் வெடித்தது. வெள்ளையாகப் பால் கொட்டி, எண்ணெய் நுரைத்துக்கொண்டு சட்டி விளிம்புக்கு ஏறியது. சடசடவென்று தெறித்தது. பிள்ளைகள் கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். என் மனைவி தட்டைக் கேடயம் மாதிரி பிடித்துக்கொண்டு போய் கேஸை அணைத்தாள்.

சத்தம் அடங்கியதும் அந்தப் பிள்ளை மெல்ல எட்டிப் பார்த்தாள். "இது ஐஸ்கிரீம் பொரியல் இல்லடி. ஐஸ்கிரீம் ரசம்."

மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். என் மகள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. ஃபிரிட்ஜ் கதவை விட்டு நகராமல் என்னையே பார்த்தாள். எனக்கு எண்ணெய் சுட்டதைவிட அந்தப் பார்வை சுட்டது.

"மாவுல என்னங்க போட்டீங்க?" என்று மனைவி தணிந்த குரலில் கேட்டாள்.

"மைதா, உப்பு, ஒரு சிட்டிகை சோடா..."

"சோடாவா? பஜ்ஜியா சுடுறீங்க?"

அப்போதுதான் உறைத்தது. கடையில் மாவு கரைத்தால் என் கை தானாகச் சோடா டப்பாவுக்குப் போகும். பஜ்ஜி உப்ப வேண்டும். இது உப்பவே கூடாது. உப்பினால் மாவு பொத்தல் விடும், உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும்.

மாவைக் கொட்டிவிட்டுச் சோடா இல்லாமல் கெட்டியாகக் கரைத்தேன். மீதி ஐந்தையும் வெளியே எடுத்தால் மூன்று கையிலேயே குழைந்தது. அவை ஆகாது. இரண்டுதான் தேறின. ரஸ்க், மாவு, மறுபடி ரஸ்க் என்று ஓட்டை தெரியாமல் பூசித் திரும்ப உள்ளே வைத்தேன். இனி அது இறுக வேண்டும். கரண்டோ நொண்டிக்கொண்டிருக்கிறது.

பால் விழுந்த எண்ணெயைத் தள்ளிவிட்டுப் புது எண்ணெய் ஊற்றினேன். குழைந்த உருண்டைகளைக் கிண்ணத்தில் போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள் மனைவி. அந்தப் பிள்ளை மட்டும் தொடவில்லை. "நாங்க இதுக்கா வந்தோம்?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "வெளக்கு வைக்கிறதுக்குள்ள போகணும். ஆத்தா தேடும்" என்று செருப்பை மாட்டினாள்.

"இருடி, இன்னும் கொஞ்ச நேரம்" என்று என் மகள் கெஞ்சினாள். அவள் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

மின்விசிறி சட்டென்று வேகம் பிடித்தது. தோட்டத்து மோட்டார்கள் நின்றுவிட்டன. ஃபிரிட்ஜ் உறும ஆரம்பித்து, நிற்காமல் உறுமியது. அவர்கள் செருப்போடு வாசலிலேயே நின்றார்கள். வெயில் சுவரில் ஏறிக்கொண்டே போனது.

கடைசியில் மகள் கதவைத் திறந்து விரலால் தட்டிப் பார்த்தாள். "கல்லா இருக்குப்பா."

எண்ணெய் நன்றாகக் காய்ந்திருந்தது. ஜல்லிக் கரண்டியில் வைத்து ஒன்றை இறக்கினேன். பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது. சிவக்காமல் எதையும் எடுத்துப் பழகாத கை காத்திருந்தது. "எடுங்க, எடுங்க!" என்று மனைவி தோளைத் தட்டினாள். எடுத்தேன். அடுத்ததையும் அப்படியே.

தட்டில் வைத்துக் கத்தியால் நறுக்கினேன். மேலோடு மொறுக்கென்றது. உள்ளே வெள்ளை வெளேரென்று, ஓரம் மட்டும் லேசாக இளகி, ஐஸ்கிரீம் நின்றது.

அந்தப் பிள்ளை ஒரு துண்டை வாயில் போட்டாள். கண்ணை மூடித் திறந்தாள். "சுடுது... ஐயோ, கூசுதுடி!" என்று பல்லைப் பிடித்துக்கொண்டு இன்னொரு துண்டை எடுத்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள், "மாமா, இது எத்தனாவது வாட்டி செய்றீங்க?"

மகளுக்காக ஒரு பொய்யை நானும் சொல்லத் தயாராகத்தான் இருந்தேன். அதற்குள் அவளே வாயைத் திறந்துவிட்டாள்.

"இன்னைக்குத்தான் மொத வாட்டி."

"அப்பறம் ஏன்டி அடிக்கடி செய்வாருன்ன?"

"நீ எங்கப்பாவப் பேசுன. எனக்குக் கோவம் வந்துச்சு. சொல்லிட்டேன்."

அந்தப் பிள்ளை விரலில் ஒட்டிய ரஸ்க் தூளை நக்கினாள். திங்கட்கிழமை வகுப்பு முழுக்க என்ன பரவப் போகிறதோ என்று நான் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன்.

"பொய்தான் சொல்லியிருக்க" என்றாள் அவள். "ஆனா பொரிச்சுட்டாரே." தட்டில் மிச்சமிருந்த கடைசித் துண்டை எடுத்தாள், பாதியாகக் கடித்தாள், மறு பாதியை என் மகளிடம் நீட்டினாள்.

என் மகள் அதை வாங்கித் தின்றாள். நான் கேஸை அணைத்தேன்.