அக்கா பெயர் எந்தச் சுவரில்

இந்த நினைவு மலரை வாங்கிக்கொண்டு பந்தலில் உட்கார்ந்திருக்கும் உறவினர்களில் பாதிப் பேர், அக்கா உயிரோடு இருந்தபோது எங்கள் வாசலை மிதிக்காதவர்கள். முதலாமாண்டு நினைவு நாளுக்கு மட்டும் வந்திருக்கிறீர்கள். வாருங்கள். வந்ததற்கு இதைப் படித்துவிட்டே போங்கள்.

அக்கா பிறந்தது கோலார் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்கான ஊரிகத்து லைன் வீட்டில். அப்பா சுரங்கத் தூசியில் நுரையீரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தார். தம்பி வாந்திபேதியில் போனான். கண்பட்டுவிட்டது என்று எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டீர்கள். எல்லோரும் வெளிக்குப் போகும் இடத்துக்குப் பக்கத்திலேயே குடிதண்ணீர்க் குழாய் இருந்ததைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அக்காவுக்கு அது கடைசிவரை ஆறவில்லை.

பெங்களூர் தையல் ஃபேக்டரிக்கு ரயிலில் போய்வந்த காலத்தில், அங்கே நடந்த ஒரு பயிற்சி வகுப்பில் கழிப்பறைக் குழி அமைக்கக் கற்றுக்கொண்டார். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் லைன் லைனாகப் போய்ச் சொல்லிக்கொடுத்தார். குழி எப்படி அமைப்பது, கையை எப்போது கழுவுவது, தண்ணீரை ஏன் மூடிவைப்பது, எப்போதும் இதே பேச்சு. அதற்கு எங்கள் சித்தப்பா வைத்த பட்டம் ‘கக்கூஸ்காரி’. நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள்.

எங்கள் லைனுக்குப் பொதுக் கழிப்பறை கட்ட அனுமதி கேட்டு அக்கா நடையாய் நடந்தார். கிடைத்ததும் சித்தப்பாவும் அவருடைய பழைய ஷிப்ட் ஆட்களும் குழி தோண்ட வந்தார்கள். ஆள் உயரம் போதும் என்று அக்கா சொல்லியிருந்தார். கேட்பார்களா? சுரங்கத்தில் வேலை செய்த கைகளாயிற்றே! அடியில் தண்ணீர் ஊறும்வரை தோண்டித் தள்ளிவிட்டார்கள். வேலை முடிந்து ஸ்டேஷனிலிருந்து வந்த அக்கா எட்டிப் பார்த்தார்.

“இன்னா சித்தப்பா இது? தங்கமா எடுக்கப் போறீங்க? இவ்ளோ ஆழம் போனா அசிங்கமெல்லாம் நேரா நம்ம போர்வெல்லுக்குத்தான் போவும். பாதிக்கு மேல மண்ணப் போட்டு மூடுங்க.”

“சொரங்க ஷாஃப்ட்ல எறங்குன எனக்கே நீ குழி தோண்டக் கத்துக் குடுக்கிறியா? போடி!”

கடப்பாரையை வீசிவிட்டுப் போனவர், போகும்போது உங்களையும் கூட்டிக்கொண்டு போனார். அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு அக்காவுக்குப் பத்திரிகை வரவில்லை. அக்காவும் நானும் பக்கத்து வீட்டுப் பெண்களும் கூடை கூடையாக மண் கொட்டினோம். கழிப்பறை எழுந்தது. பக்கத்துச் சுரங்கமான பாலகாட்டு லைன்களிலிருந்தெல்லாம் பெண்கள் பார்க்க வந்தார்கள், அக்கா சலிக்காமல் விளக்கினார். சித்தப்பா இல்லாத நேரம் பார்த்து அவருடைய மருமகள்களும் வந்து உபயோகித்துவிட்டுப் போனார்கள். பயப்படாதீர்கள், உங்கள் பெயர்களை நான் எழுதவில்லை.

கோலார் ஆஸ்பத்திரியில் அக்கா கிடந்தபோது உங்களில் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. அவர் அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை. “கை கழுவுற எடத்துல சோப்பு கீதான்னு பாத்தியா?” என்றுதான் என்னிடம் கேட்டார். எனக்குத்தான் வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது.

போன மாதம் சித்தப்பா ஒரு பளிங்குக் கல்லோடு வந்தார். மேலே அக்கா பெயர், கீழே ‘உபயம்’ என்று தன் பெயர். கோயில் மதிலில் பதிக்க வேண்டுமாம். கழிப்பறைச் சுவரில்தான் பதிப்பேன் என்றேன்.

“சீ! செத்தவ பேர யாராவது கக்கூஸ் செவுத்துல போடுவாங்களா?”

“உயிரோட இருந்தப்போ நீங்க அந்தப் பேரத்தான வெச்சீங்க, சித்தப்பா?”

சித்தப்பா கல்லை இறக்கிவைத்துவிட்டுப் போய்விட்டார்.

எங்களோடு மண் சுமந்த பெண்களுக்கும், ஆஸ்பத்திரிக்கு நாள் தவறாமல் ரசம் சோறு கொண்டுவந்த எதிர்வீட்டுக் கன்னடத்து அம்மாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மற்றவர்களுக்குச் சாப்பாடு தயாராக இருக்கிறது. பந்தியில் உட்காரும் முன் கழிப்பறைப் பக்கம் போய்க் கை கழுவிக்கொள்ளுங்கள். சோப்பு வைத்திருக்கிறேன். நிமிர்ந்தால் எதிர்ச் சுவரில் அக்கா பெயர் தெரியும். அதன் கீழே சித்தப்பா பெயரும் இருக்கிறது.

தங்கை