பல்லேகமவில் காற்றைப் பிழிந்த பெட்டி

காற்றிலிருந்து குடிதண்ணீர் எடுக்கலாம் என்று சுகந்தி முதலில் சொன்னபோது சிரித்துவிட்டேன். கண்டியில் இரசாயனவியல் ஆய்வு செய்யும் தோழி அவள். "நம்பலன்னா வந்து பாரு" என்றாள். போன ஆகஸ்ட் வறட்சியில், அவள் பெட்டி வைத்திருந்த பல்லேகம கிராமத்துக்கு அவளோடு புறப்பட்டேன்.

மாத்தளையில் காலை 6.40 பஸ், சீட்டு 260 ரூபாய், தூரம் சுமார் அறுபது கிலோமீட்டர். ரத்தோட்டை தாண்டி மலை உச்சியில் பல் கிட்டும் குளிர், ஜன்னலெல்லாம் முகில். மறுபக்கம் இறங்கினால் காய்ந்த வயல். ஒரே மலைக்கு இப்படி ஓரவஞ்சனையா!

10.15க்குச் செல்வி அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். ரத்தோட்டைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர். கணவர் பண்டா அண்ணனுக்குச் சிறுநீரக நோய். கிணற்றுத் தண்ணீர் கூடாது என்று டாக்டர் சொன்னதால் போத்தல் தண்ணீர் வாங்கித்தான் குடிக்கிறார்.

முற்றத்தில் சுகந்தியின் கண்ணாடிப் பெட்டி இருந்தது. அதற்குள் ஒரு தட்டில், அவள் குழு வடிவமைத்த வெள்ளைத் தூள். அதில் கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி துளைகள். இரவுக் காற்றின் ஈரம் அவற்றில் புகுந்து தங்கும். பகலில் மூடிவைத்தால் வெயில் சூட்டில் வெளியேறிக் கண்ணாடியில் வேர்த்து வடியும். துளை பெரிதானால் ஈரம் பிடிபடாது, சிறிதானால் பிடித்ததை விடாது.

பத்து நாளாகச் சொட்டுக்கூட வரவில்லை. துளை அளவில்தான் தப்பு என்று முடிவுகட்டி, பெட்டியைத் திரும்ப எடுத்துப்போகவே சுகந்தி வந்திருந்தாள். எதற்கும் கேட்டுவைப்போம் என்று கேட்டாள்:

"ராவைக்கு மூடியத் தொறந்துதானேக்கா வக்கிறீங்க?"

"தொறந்துதாங்க வக்கிறேன். பனி எறங்குனா தூள் நனைஞ்சிருமேன்னு மேல பிளாஸ்டிக் படங்கு மட்டும் போத்திருவேன்."

குளிர்ப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்குப் பனி என்றாலே ஆகாது. கொடியில் காயும் துணியைக்கூட அந்திக்குமுன் உள்ளே எடுத்துவிடுவார்கள். ஈரம் வரவேண்டிய வழியை அக்கா பாசத்தோடு அடைத்திருக்கிறார்! சுகந்திக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

"தப்பு என்னோடதுக்கா. ஏன் தொறக்கணும்னு நான் சொல்லவே இல்லயே."

அன்றிரவு பெட்டிக்குப் படங்கு போர்த்தாமல் விட்டு, அங்கேயே தங்கினோம். விடிந்ததும் மூடியைப் போட்டோம். பிற்பகல் 2.30க்குத் தேத்தண்ணிக் கோப்பை ஒன்றளவு தண்ணீர் சேர்ந்திருந்தது. எனக்குத் துள்ளிக் குதிக்கவேண்டும்போல் இருந்தது. சோதிக்காமல் குடிக்கக்கூடாது என்று சுகந்தி அதைக் குப்பியில் அடைத்தாள்.

"நாளைக்கும் வருமா?" என்றார் பண்டா அண்ணன்.

"வரும்ணே. இப்போதைக்கு ஒரு நாளைக்கு ஒரு கப்புதான்."

பெட்டி அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

போகிறவர்களுக்கு: நாங்கள் திரும்பிய பஸ் 3.15க்கு; நேரத்தை முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். மலை உச்சிக்கு ஒரு கம்பளிச் சட்டை வேண்டும். தண்ணீர் ஆளுக்கு மூன்று லீட்டராவது கையோடு கொண்டுபோங்கள். நான் ஒரு லீட்டரோடு போனவள். தாகம் என்று வாய் திறக்குமுன்பே அக்கா புதுப் போத்தலை உடைத்து ஊற்றிவிட்டார். நானும் மடமடவென்று இரண்டு கிளாஸ் குடித்தேன். அது அண்ணனுடைய தண்ணீர் என்பது, மறுநாள் அந்த ஒரு கோப்பையைப் பார்த்தபோதுதான் உறைத்தது.